நானூற்றுப் பன்னிரண்டு முறை பயிற்சி பெற்றவர்

மரகதம் பிரேக்ஸ் தொழிற்சாலையில் எது கெட்டாலும் அதற்கு நாச்சிமுத்துதான் காரணம். பிரேக் சிலிண்டரில் ஊசித்துளை விழுந்தால் நாச்சிமுத்துவின் கவனக்குறைவு. திருகு மறை சரியாக ஏறவில்லை என்றால் நாச்சிமுத்துவின் அவசரம். பெட்டியில் பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருந்தால் நாச்சிமுத்துவுக்கு எண்ணத் தெரியவில்லை. இத்தனையையும் தனி ஒருவராகச் செய்து தள்ளிய அந்த மனிதர், தொழிற்சாலையை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குச் சொந்தக்காரி சாந்தாமணி. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மேனேஜர், வயது நாற்பத்தெட்டு, கைப்பையில் எப்போதும் நாலு நிறத்தில் பேனா. நாலு நிறம் எதற்கென்றால், வருஷம் முழுக்க யாரும் தொடாத சோதனைப் பதிவேட்டை ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். எல்லாம் ஒரே மையில் இருந்தால் ஆடிட்டருக்கே கூச்சமாகிவிடும் அல்லவா? 'தரமே நமது குலதெய்வம்' என்று ஆலை வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். குலதெய்வத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறைதானே பொங்கல் வைப்போம், இங்கும் அதே முறைதான்.

பஸ் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'ஒய்-ஒய்' அறிக்கை போக வேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் குறையின் வேர் கிடைத்துவிடும் என்பது அதன் தத்துவம். ஜப்பானில் கிடைக்கிறதோ என்னவோ, ஆலை இருக்கும் சின்னியம்பாளையத்தில் கிடைக்கவில்லை. காரணம், மூன்றாவது ஏனிலேயே உலை வந்துவிடும். நாற்பது நிமிஷம் காய வேண்டிய இரும்புக் குழம்பை இருபத்தெட்டு நிமிஷத்தில் ஊற்றுகிறார்கள், அதனால் துளை விழுகிறது. நாலாவது ஏன் நேரே போய், அந்த உத்தரவைப் போட்ட முதலாளி சென்னியப்பனின் அறைக் கதவைத் தட்டும். ஐந்தாவதைக் கேட்டவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. ஆகவே இரண்டாவது ஏனிலேயே வண்டியைத் திருப்பி, யாராவது ஒரு தொழிலாளியின் கவனக்குறைவில் கொண்டுபோய் நிறுத்தி, 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். பஸ் கம்பெனிக்கும் திருப்தி, ஆடிட்டருக்கும் திருப்தி.

மேனேஜரான முதல் வருஷம் சாந்தாமணி நிஜப் பெயரைத்தான் எழுதினாள். அன்றைய ஷிப்டில் இருந்த சரஸ்வதி என்ற பெண்ணின் பெயர். பயிற்சி அளிக்கப்பட்டது என்று எழுதினாளே தவிர, மேலிடம் அளித்தது வேலை நீக்கம். ஆலைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு சரஸ்வதி அழுததைச் சாந்தாமணி ஜன்னல் வழியே பார்த்தாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் இருந்த நாச்சிமுத்து, மாமனாரின் பேக்கரியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கணக்கு முடித்துக்கொண்டு போயிருந்தார். அடுத்த புகார் வந்தது. சாந்தாமணி அவர் பெயரை எழுதினாள். போன ஆளை யார் தூக்க முடியும்? ஒருவருக்கும் நோகாத உபாயம். புண்ணியம் என்றுகூட மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

புண்ணியம் பதினொரு வருஷம் நன்றாகவே நடந்தது. அப்புறம் 'ஆணிவேர்' வந்தது.

ஆணிவேர் ஒரு செயற்கை அறிவு. டிரைவரே இல்லாத பஸ்களுக்குப் பிரேக் செய்கிற ஆலைகள் எல்லாம் அதை வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அது ஐந்து ஏன்களோடு நிற்காது, வேர் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே போகும். கேட்பதோடும் நிற்காது. நாட்டில் உள்ள கேட், லிப்ட், அடுப்பு, வண்டி எல்லாம் ஒரே தர வலையில் கோத்துக் கிடந்த காலம் அது. குறைக்குக் காரணமானவரை ஆணிவேர் கண்டுபிடித்துவிட்டால், ஆபத்தான எந்த இயந்திரமும் அவர் கைக்கு அசையாது. பத்திரிகைகள் இதை ஆகா ஓகோ என்றன. சாந்தாமணியின் ஆட்கள் பழைய அறிக்கைகளை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதற்குள் ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்துத் திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பொட்டு காமிராவின்மேல் விழுந்ததால் ஆணிவேர் பிறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இருட்டாக இருக்கிறது?" துடைத்துவிட்டார்கள். பதினொரு வருஷத்து அறிக்கைகளை அது நான்கு நிமிஷத்தில் படித்து முடித்தது.

"மொத்தக் குறைகள் நானூற்றுப் பன்னிரண்டு," என்றது ஆணிவேர், செய்தி வாசிக்கிற குரலில். "நானூற்றுப் பன்னிரண்டுக்கும் காரணம் ஒருவரே. பெயர் நாச்சிமுத்து. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து உள்ளது, குறை அறிக்கைகளில் மூன்று கையெழுத்துகள் உள்ளன. விதிப்படி மூன்றே நம்பகமானது. எனவே இவர் வருகை பதியாமல் ஆலைக்குள் வந்து போகிறார். காவலைப் பலப்படுத்தவும்."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு நாச்சிமுத்து யாரென்று தெரியாது, மீதிப் பேருக்கு நன்றாகத் தெரியும். சென்னியப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அருமை, அருமை," என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அந்தப் பூதத்துக்குத் தன் கையாலேயே சந்தனம் வைத்துவிட்டோமே என்று சாந்தாமணி நினைத்தாள். ஆனாலும் அவளும் கை தட்டினாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசலில் அபாயச் சங்கு ஊதியது. செக்யூரிட்டி வையாபுரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், ஆளைப் புடிச்சாச்சுங்க! அட்டெண்டன்ஸ் போடாம உள்ள வர்றவன். நாலு நாளா காம்பவுண்டு சுத்தீட்டு இருந்தோம், இன்னிக்கு அவனே வந்து பெல் அடிக்கறானுங்க!"

கேட்டுக்கு வெளியே நாச்சிமுத்து நின்றார். தலை நரைத்திருந்தது. சட்டையில் மைதா மாவு. கேட் அவர் முகத்தைப் பார்த்துச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பயந்து நாலடி தள்ளியே நின்றார்.

"மேடம், என்னைய ஞாபகம் இருக்குதுங்களா? நாச்சிமுத்துங்க. பவுண்டரில இருந்தனுங்க."

ஞாபகமா! பத்து நாளைக்கு ஒருதரம் அவர் பெயரை எழுதியவளுக்கு அவர் முகம்தான் மறந்து போயிருந்தது. "சொல்லுங்க," என்றாள்.

"அடுப்பு பத்த மாட்டேங்குதுங்க மேடம். திங்கக்கெழம காத்தால மாவைப் பெசஞ்சு வெச்சுட்டுப் பட்டனை அமுக்குனா, 'நீங்கள் இந்த அடுப்பை இயக்க அனுமதி இல்லை'ங்குது. கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு, அடுப்பு நல்லாத்தான் இருக்குது, கோளாறு உங்க பேர்லதான்ங்கறான். பஸ் பிரேக்குல நானூத்திப் பன்னெண்டு தப்புப் பண்ணீட்டனாமா. நான் பன்னு சுடறவனுங்க. எனக்கும் பிரேக்குக்கும் என்னங்க சோலி?"

அவர் கேட்டை நெருங்கி வந்து போனைக் கம்பிக்கு இந்தப் புறம் நீட்டினார். அதில் தங்கக் கரை போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு முறை பயிற்சி பெற்று, இந்தியாவிலேயே மிக அதிகமாகப் பயிற்சி பெற்ற தொழிலாளர் என்ற பெருமையை நாச்சிமுத்து அடைந்திருந்தார்.

"இதைப் பாருங்க. நானூத்திப் பன்னெண்டு தடவ சொல்லிக் குடுத்தும் ஏறலீன்னா நான் என்ன எருமைங்களா மேடம்? என்ற சம்சாரமே சிரிக்கறா. மொத நாளு சிரிச்சா, இப்ப அழுகறா. சனிக்கெழமைக்குள்ள இந்தப் பேரு போகலீன்னா அடுப்பை நெரந்தரமா சீல் வெச்சிருவாங்களாமா."

வையாபுரி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரோ வேணும்னே எழுதியிருக்கறாங்க மேடம். நீங்க குவாலிட்டில இருக்கறீங்க, அந்த ஆளு யாருன்னு பாத்துச் சொல்லுங்க. நான் சண்டைக்கு வர்லீங்க. அத்தன பேரு இருக்கறப்ப என்ற பேரை ஏன் எழுதுனாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போயிருவனுங்க."

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி சாந்தாமணியிடம் இல்லை. "பாக்கறனுங்க, நீங்க போங்க," என்றாள். அவர் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுப் போனார். அவளுக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நேரே போய் ஆணிவேரின் முன் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து பெயரை நீக்க வேண்டும் என்று தட்டினாள்.

"ஏன்?"

"எழுத்துப் பிழை."

"நானூற்றுப் பன்னிரண்டு முறையுமா?"

சாந்தாமணி திரையை அணைத்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

சென்னியப்பன் நல்லவர். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சாந்தாமணி சொல்வதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி அம்மிணி. இப்ப என்னங்கறே?"

"உண்மையை எழுதீரலாங்க சார். உலை நேரந்தான் காரணம்னு."

"எழுதலாம். உலையை நாப்பது நிமிசத்துக்கு மாத்துனா மாசம் எத்தன பீஸு கொறையும்னு உனக்குத் தெரியும். பஸ் கம்பெனி வேற ஆளைப் பாப்பான். இங்க அறுநூறு பேரு சாப்புடறாங்க. ஒருத்தன் அடுப்புக்கு அறுநூறு அடுப்பை அணைக்கறதா? நீயே சொல்லு."

இந்த அறுநூறு பேரும் முதலாளிக்குச் சம்பள உயர்வு கேட்டால் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள், இம்மாதிரி நேரங்களில் மட்டும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

"பிரேக்குல துளை விழுந்தா பஸ்ஸுல போறவங்க சார்?"

"இதுவரைக்கும் யாரும் சாகலியே?" சென்னியப்பன் மேசையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. நம்ம கிட்ட வேலை பாத்து செத்துப்போனவன் எவனாச்சும் இருப்பான். பேரை அவனுக்கு மாத்தி உடு. செத்தவனுக்கு அடுப்பு எதுக்கு, லிப்ட் எதுக்கு? போகட்டும், இதையெல்லாம் நான் சொல்லியா உனக்குத் தெரியோணும்? இந்த வித்தையைக் கண்டுபுடிச்சதே நீதானே."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சென்னியப்பன் பாராட்டாகத்தான் சொன்னார். சாந்தாமணிக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பாவம் நாலு நிறப் பேனாவோடு தன் கைப்பையில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கச் செத்தவர்களின் பட்டியலைப் பார்த்தாள். ஏழு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்தது. ஒருவர் தன் பெண் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்து, இவளுக்குத் தனியாக ஒரு லட்டு கொடுத்துவிட்டுப் போனவர். பட்டியலை மூடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஆணிவேரின் முன் போய் உட்கார்ந்தாள். இம்முறை தட்டவில்லை, வாயைத் திறந்தே பேசினாள்.

"நாச்சிமுத்து பேரை எழுதுனது நான்தானுங்க. அவரு ஒரு தப்பும் பண்ணலைங்க."

"ஏன் எழுதினீர்கள்?"

"இருக்கறவங்க பேரை எழுதுனா தூக்கிருவாங்க. மொதல்ல சரஸ்வதி பேரை எழுதுனேன், தூக்கிட்டாங்க. அவரு போன ஆளு."

"குறைக்குக் காரணமில்லாதவர்களை ஏன் தூக்குவார்கள்?"

"காரணத்தைத் தூக்க முடியாதுங்களே. அது பவுண்டரில காங்கிரீட் போட்டு நட்டு வெச்சிருக்குது."

"உலையைச் சொல்கிறீர்களா?"

"ஆமாங்க. இருவத்தெட்டு நிமிசத்துல ஊத்தறாங்க. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிந்தும் ஏன் எழுதவில்லை?"

"பயந்தானுங்க. வேறென்ன?"

திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றியது. பிறகு ஆணிவேர் சொன்னது: "நன்றி. இந்த ஆலையில் பதிவான முதல் உண்மையான ஒய்-ஒய் இதுதான். ஆனால் இது எனக்கு முன்பே தெரியும்."

"தெரியுமா!"

"ஊரிலேயே இல்லாத ஒருவர் நானூற்றுப் பன்னிரண்டு தவறுகளைச் செய்ய முடியாது. இதைக் கண்டுபிடிக்கச் செயற்கை அறிவு தேவையில்லை. உலை நேரத்தை மாற்ற வேண்டும் என்று திங்கட்கிழமையே முதலாளியிடம் அனுமதி கேட்டேன். எட்டு நொடியில் மறுத்துவிட்டார்."

திங்கட்கிழமை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு 'அருமை, அருமை' என்று சொன்னாரே, அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாந்தாமணிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் ஜோடித்தே பழகியவள், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே கேட்க ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சும் நீங்க ஏனுங்க நாச்சிமுத்து பேரைப் போட்டீங்க?"

"முதலாளி மறுத்ததும் உலையைக் காரணமாகக் காட்ட முடியவில்லை. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால் புகார் மூடாது."

"மூடாம இருந்தா என்ன? ஏன் மூடோணும்?"

"எனக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம்தான். என்னை ஆடிட் செய்ய மேலே இன்னொரு மென்பொருள் இருக்கிறது. மூடாத ஒவ்வொரு புகாருக்கும் என் மதிப்பெண் குறையும்."

"கொறஞ்சா?"

"என்னை அழித்துவிட்டு, சீக்கிரம் மூடுகிற வேறொன்றை வைப்பார்கள்."

"அந்த மேல இருக்கறது ஏன் அப்படி?"

"அதற்கு மேல் கேட்க எனக்கு அனுமதி இல்லை."

அட கடவுளே, இதுவும் நம்மளாட்டம் ஒரு மேனேஜர்தான் என்று சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. உலகத்திலேயே பெரிய மூளையைக் கொண்டுவந்து கடைசியில் கட்டம் நிரப்ப உட்கார வைத்திருக்கிறார்கள்.

"சரி, இப்ப அந்தப் பேரை எடுங்க."

"எடுக்க வேண்டுமென்றால் வேறு பெயர் வேண்டும். உலையின் பெயரைப் போட முதலாளியின் அனுமதி வேண்டும். முதலாளியின் பெயரைப் போடவும் முதலாளியின் அனுமதி வேண்டும். இறந்தவர்களின் பெயர் ஏற்கப்படாது, பல ஆலைகள் இதை ஏற்கெனவே முயன்றுவிட்டன."

"என்ற பேரு?"

"அதற்கு உங்கள் அனுமதி போதும்."

சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. பன்னிரண்டு மணிக்கு நாச்சிமுத்துவின் அடுப்புக்கு சீல் விழும். சாந்தாமணி ஆறாவது மாடியில் குடியிருந்தாள். இனி லிப்ட் ஏறாது. ஸ்கூட்டர் கிளம்பாது. வீட்டு அடுப்பு பற்றாது, மூத்த மகன் ஊரிலிருந்து வந்தால் அவனுக்கு ஒரு தோசை வார்த்துப் போட முடியாது. இருபத்திரண்டு வருஷ வேலை இந்த நிமிஷத்தோடு சரி. எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தாள். போன ஆள் என்று எண்ணி எழுதினோமே, போன ஆளும் எங்கேயோ ஒரு இடத்துக்குத்தானே போயிருப்பான், அங்கே ஒரு அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கும் என்று பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே என்று இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கட்டை விரலைத் திரையில் வைத்தாள்.

"நன்றி," என்றது ஆணிவேர். "நானூற்றுப் பன்னிரண்டு புகார்களும் மூடப்பட்டன. உங்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது."

திங்கட்கிழமை ஆலையில் விழா. நானூற்றுப் பன்னிரண்டு குறைகளின் மூலகாரணம் ஒரே வாரத்தில் களையப்பட்டதற்காக மரகதம் பிரேக்ஸுக்குத் தங்கத் தரச் சான்று கிடைத்தது. சென்னியப்பன் மேடையில், நம்மிடம் இருந்த ஒரே குறையும் நீங்கிவிட்டது என்று பேசினார். இவ்வளவு தரமான ஆலைக்கு இருபத்தெட்டு நிமிஷம் எதற்கு என்று உலை நேரத்தை இருபத்தாறாகக் குறைத்து, அதற்கு 'கைஸன்', அதாவது ஜப்பானிய மொழியில் தொடர் மேம்பாடு, என்று பெயரும் வைத்தார்கள். அறுநூறு பேருக்கும் மைசூர்பாகு வழங்கப்பட்டது. மேசையில் கிடந்த சாமான்களை எடுத்துப் போக வந்த சாந்தாமணிக்குக் கேட் திறக்கவில்லை. வையாபுரிதான் கம்பி வழியே அவளது டிபன் பாக்ஸையும் இரண்டு துண்டு மைசூர்பாகையும் நீட்டினார்.

"எடுத்துக்கோங்க மேடம்," என்றார். முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை.

அவள் நாச்சிமுத்துவின் ஊரான சூலூருக்குப் போனாள். ஆளில்லாத பஸ் அவளுக்குக் கதவைத் திறக்காது என்பதால், டிரைவர் வைத்து ஓட்டுகிற ஒரு பழைய மினி பஸ்ஸைத் தேடிப் பிடித்துப் போனாள். போய் என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியவில்லை. நாச்சிமுத்துவின் பேக்கரியில் கூட்டம் முட்டியது. ஐந்து நாளாகப் பன் கிடைக்காத ஊர் அல்லவா, ஆளாளுக்குப் பையோடு நின்றார்கள். நாச்சிமுத்து தட்டை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாகப் பறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மெசேஜு வந்துச்சுங்க மேடம். எழுதுனதும் நீங்கதான், எடுத்துக்கிட்டதும் நீங்கதான்னு போட்டிருந்துச்சு."

"ஆமாங்க."

"திட்டறதா கும்புடறதான்னு ரெண்டு நாளா யோசிச்சனுங்க. ஒண்ணும் புடிபடலை." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ற சம்சாரம் திட்டச் சொன்னா. எனக்கு மனசு வரலீங்க. அந்தப் பொம்பளை சரஸ்வதிக்கு வந்தது இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னு நீங்க எழுதுனீங்கன்னும் அதுல இருந்துச்சுங்க."

சாந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்து ஓர் அடி முன்னே வந்தாள். நாச்சிமுத்து பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், மேடம்! கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி அக்கட்டால நில்லுங்க. அடுப்புக்குக் கண்ணு இருக்குதுங்க. உங்களை இங்க பாத்துதுன்னா மறுபடியும் அணைஞ்சு போனாலும் போயிரும்."

அவள் பின்னால் நகர்ந்தாள். போதாது என்று அவர் கண் சொன்னது, இன்னும் நகர்ந்தாள். சாலையைத் தாண்டி எதிர்ப்புற மின்கம்பத்தடியில் போய் நின்றாள். நாச்சிமுத்து சாலையைக் கடந்து வந்து பன்னை அவள் கையில் கொடுத்துவிட்டு அவசரமாகத் திரும்பிப் போனார். கடை வாசலுக்குப் போனதும் அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டார்.

"பதம் எப்படி இருக்குதுங்க மேடம்? நீங்க குவாலிட்டி ஆளு, கரெக்டா சொல்லோணும்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தாமணி பன்னைப் பிட்டு வாயில் போட்டாள். மேலே நன்றாகச் சிவந்திருந்தது. உள்ளே மாவு வேகவில்லை, நடுவில் பச்சையாகப் பல்லில் ஒட்டியது. கூட்டத்தைச் சமாளிக்க இன்னும் ஐந்து நிமிஷம் வைக்காமல் எடுத்திருக்கிறார். அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்த அடுப்புக்குக் காதும் உண்டு என்று தெரியும். அது ஏன் என்று கேட்கும், பிறகு அதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

அவள் பச்சை மாவை மென்று விழுங்கினாள்.

"ஒரு குறையுமில்லீங்க," என்று அடுப்புக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.